நவம்பரில் வராத நோய்

ஜெசிந்தாவுக்கு நவம்பரில் ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்ற செய்தி ஜூலையிலேயே கிடைத்துவிட்டது.

அப்போது அவள் பொன்மலை மைதானத்தில் மாவட்டக் கால்பந்துப் போட்டிக்கு நடுவராக ஓடிக்கொண்டிருந்தாள். இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், உங்க முன்னுடலுக்கு உடம்பு சரியில்ல. நாளைக்கு வர முடியுமா?"

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நீங்க நல்லா இருக்கீங்க மேடம். முன்னுடலுக்குத்தான்."

மீதி ஆட்டத்தையும் அவளே நடத்தி முடித்தாள். அன்றைக்கு மஞ்சள் அட்டைகள் கொஞ்சம் தாராளமாகக் காட்டப்பட்டதாக இரண்டு அணிகளும் புகார் கொடுத்தன. இரண்டு அணிகளும் ஒரே கருத்தில் நின்றது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

முன்னுடல் என்பது மருத்துவமனைக் கணினிக்குள் இருக்கும் இன்னொரு ஜெசிந்தா. ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்டவர்களின் கைத்தோலுக்கு அடியில் பயறு அளவில் ஒரு குருதிமணியைப் பதித்துவிடுவார்கள். ரத்தத்தில் என்னென்ன ஓடுகிறது என்பதை அது இரவும் பகலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை வைத்துக் கணினி ஓர் உடலைக் கட்டி, நான்கு மாதம் முன்னால் ஓட விடும். இவள் ஜூலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் நவம்பரில் இருப்பாள்.

மறுநாள் டாக்டர் தாஹிரா திரையைத் திருப்பிக் காட்டினார். முன்னுடலின் எலும்பு மஜ்ஜையில் கறுப்புப் புள்ளிகள் மொய்த்திருந்தன.

"இப்ப என் ரத்தத்துல ஏதாச்சும் தெரியுதா டாக்டர்?"

"ஒண்ணும் தெரியல. மைக்ராஸ்கோப்புல பாத்தாலும் தெரியாது. தப்பிச்ச பழைய அணுக்கள் கொஞ்சம் எங்கேயோ ஒளிஞ்சிருக்கு. அது என்ன பண்ணப்போகுதுன்னு கருவி கணக்குப் போட்டுச் சொல்லுது. பழைய நோயாளிகளோட ரத்த மாதிரிகளை வெச்சுச் சோதிச்சப்ப பத்துக்கு ஒன்பது தடவை சரியாச் சொல்லியிருக்கு."

"பந்து கோட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடி நான் கோல் குடுத்ததில்ல டாக்டர்."

"தாண்டுன பிறகு தடுக்கறது கஷ்டம்மா," என்றார் தாஹிரா.

வழியையும் அவரே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டெம் செல் கொடுத்த தம்பி பிரிட்டோவிடமிருந்து இப்போது வெள்ளை அணுக்களை மட்டும் எடுத்து அவளுக்கு ஏற்றவேண்டும். அவை போய் ஒளிந்திருப்பதைத் தேடி அழிக்கும். நோய் முற்றியபின் செய்தால் பெரிய பலன் இருக்காது. இப்போதே செய்தால் நல்ல பலன். ஆனால் தம்பியின் அணுக்களுக்கு அக்கா உடம்பே அந்நியம்தான். உற்சாகம் மிஞ்சினால் தோல், குடல், ஈரல் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிடும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

"நல்லா இருக்கற உடம்புல சண்டைக்காரனைக் கொண்டுபோய் விடச் சொல்றீங்க," என்றாள் ஜெசிந்தா.

"ஆமா," என்றார் டாக்டர். அவருக்கு மழுப்பத் தெரியாது.

யோசித்துச் சொல்வதாக அவள் வீட்டுக்கு வந்தாள். யோசிக்க விட்டால்தானே? செய்தி அவளுக்கு முன்பே தெருவுக்கு வந்திருந்தது. ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார், "நவம்பரில் நோயுற்றிருக்கும் நம் சகோதரிக்காக" என்று மன்றாடினார். சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து உட்கார்ந்து, எந்தக் காலத்தில் விசாரிப்பது என்று தெரியாமல் திணறினார்கள்.

"நவம்பர்ல ரொம்ப முடியாம இருந்தியாமே, கண்ணு?" என்று அழுதாள் பெரியம்மா.

கணவன் லூர்து அதற்கு மேல். நல்ல மனுஷன், ஆனால் பதற்றம் வந்தால் சமையலறைக்குள் போய்விடுவான். மூன்று வேளையும் கஞ்சி காய்ச்சினான். காலையில் மைதானத்தில் ஓடிவிட்டு வந்து அவள் பிரியாணி கேட்டபோது, "இந்த நிலைமையிலயா ஜெசி?" என்றான்.

"எந்த நிலைமையிலங்க?"

அவன் சுவரில் தொங்கிய காலண்டரைக் கண்ணால் காட்டினான்.

இதையெல்லாம் அவள் சகித்துக்கொண்டாள். கால்பந்துச் சங்கத்திலிருந்து வந்த தகவலைத்தான் தாங்க முடியவில்லை. நவம்பரில் மாநில இறுதிப் போட்டி. அதற்குப் பெண் ஒருத்தி நடுவராகப் போவது அதுவே முதல் தடவை. அந்தப் பெண் ஜெசிந்தா. சங்கச் செயலாளர் ரொம்பப் பரிவான குரலில், "நீங்க அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருப்பீங்களே மேடம், அதனால வேற ஆளைப் போட்டுட்டோம். நல்லா ரெஸ்ட் எடுங்க," என்றார்.

அன்றைக்கே டாக்டரை அழைத்து, எனக்கு எதுவும் ஏற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் பிரிட்டோ வந்து சேர்ந்தான். அக்காவுக்கும் தம்பிக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஸ்டெம் செல் கொடுத்தபின் அவன் வாய் இன்னும் நீண்டிருந்தது. அவள் ரத்த வகையே மாறி அவனுடைய வகை ஆகிவிட்டதால், "எங்க ரத்தம்" என்றுதான் பேசுவான். அவளுக்குக் கோபம் வந்தால், "பாருங்க மாமா, என் ரத்தம் எப்படிக் கொதிக்குது" என்பான் லூர்துவிடம்.

"ஏன்க்கா வேண்டாங்கற?" என்றான் வாசலில் நின்றபடியே.

"எனக்கு ஒண்ணுமில்லடா. இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடச் சொல்றாங்க. உனக்கென்ன, ஊசின்னா நடுங்குற ஆளு, தப்பிச்சோம்னு போய்ப் படு."

"ஆமா, நடுங்குவேன்தான். வேணும்னா இப்பவே நடுங்கிக் காட்டறேன்." அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். "போன தடவை கண்ணாடி ரூமுக்குள்ள மூணு வாரம் கிடந்தியே, உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

அவள் யோசித்தாள். "ஃபேன் சத்தம். வாய்ப்புண்ணு. வேற ஒண்ணும் இல்ல. மருந்து மயக்கம்."

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்தான் நின்னேன். ஒரு நாளு நீ அம்மாவைக் கூப்பிட்டே. செத்துப்போன அம்மாவை. மாமா வெளிய ஓடிட்டாரு. நான் நின்னேன். நோய் உனக்கு வந்துச்சு, பாத்தது நாங்கக்கா. இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

பிரிட்டோ இத்தனை வாக்கியம் கிண்டல் இல்லாமல் பேசி அவள் கேட்டதில்லை. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. லூர்து அங்கே அடுப்பைப் பார்த்தபடி நின்றான்.

"அந்தக் கருவி தப்பா இருந்தா?" என்றாள் அவள்.

"தப்பா இருந்தா என்னைத் திட்டு. திட்டுறதுக்கு நீ உயிரோட இரு."

அடுத்த வாரம் பிரிட்டோவிடமிருந்து அணுக்கள் எடுத்தார்கள். ஊசியைக் கண்டதுமே அவன் மயங்கி விழுந்தான். அவன் எழுந்து ஜூஸ் குடிக்கும்வரை நோயாளிதான் அவன் காலை உயரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏற்றிய மறுவாரம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த வாரம் அவள் உள்ளங்கை சிவந்தது. பிறகு முதுகு, பிறகு உடம்பெல்லாம். வயிறு கலக்கி நாள் முழுக்கக் கழிவறையே கதி என்று ஆனது. எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. தாஹிரா அவளை வார்டில் சேர்த்துவிட்டு, தோலைப் பார்த்து மகிழ்ச்சியை அடக்க முடியாமல், "அருமை! உங்க தம்பி நல்லா வேலை பாக்கறார்," என்றார்.

"வெளிய இருந்து உயிரை வாங்குனது போதாதுன்னு உள்ள வந்தும் வாங்குறான்," என்று முனகினாள் ஜெசிந்தா. ஒரு ராத்திரி நிஜமாகவே பயந்தாள். லூர்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, கஞ்சி வேண்டும் என்று கேட்டாள். அவன் அழுதுகொண்டே ஓடினான்.

செப்டம்பர் கடைசியில் தடிப்புகள் அடங்கின. முன்னுடலைப் புதிதாகக் கணக்கிட்டார்கள். அதன் மஜ்ஜை துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

நவம்பர் வந்தது, நோய் வரவில்லை. மாநில இறுதிப் போட்டியை அவள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, நடுவரைத் திட்டியபடி பார்த்தாள். ஊருக்குத்தான் ஏமாற்றமாகப் போய்விட்டது. "ஒண்ணுமே வரலையாமே! அப்ப அந்த மிஷினு சும்மாவா?" என்றாள் பெரியம்மா, கொடுத்த ஆரஞ்சுகளை நினைத்து. அக்காவை நோயிலிருந்து காப்பாற்றியது தான்தான் என்று பிரிட்டோ சொன்னான். அப்படி ஒரு நோயே இல்லை என்று ஜெசிந்தா சொன்னாள். இருவராலும் நிரூபிக்க முடியவில்லை. சண்டை சுகமாக நடந்தது.

அதே சண்டை மேலிடத்திலும் நடந்துகொண்டிருந்தது. மருத்துவக் கருவிகளைத் தணிக்கை செய்யும் குழு டிசம்பர் கடைசியில் தாஹிராவையும் அவருடைய நோயாளிகளையும் சென்னைக்கு அழைத்தது. குழுத் தலைவர் நேர்மையான மனிதர். ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்காதவர்.

"இத்தனை பேருக்கு நோய் திரும்பும்னு உங்க கருவி சொல்லியிருக்கு. ஒருத்தருக்காவது திரும்பியிருக்கா?"

"சிகிச்சை குடுத்துட்டோமே ஐயா. அதனாலதான் திரும்பல," என்றார் தாஹிரா.

"அது உங்க நம்பிக்கை. பழைய ரத்த மாதிரிகளை நாங்க ஏத்துக்க முடியாது. சொன்னது ஒண்ணாவது நடந்திருக்கணும் இல்லையா?"

ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேலுமயில் என்ற பஸ் கண்டக்டர். அவரும் அண்ணனிடம் ஸ்டெம் செல் வாங்கியவர்தான்; அவருடைய முன்னுடலுக்கு அதுவரை ஒன்றும் வரவில்லை. எழுந்து கைகட்டி நின்று, "மன்னிச்சுக்குங்க ஐயா. எங்கள்ல யாருக்கும் வராமப் போச்சு," என்றார் பணிவாக. அரங்கமே சிரித்தது. தலைவர் மட்டும் அதை ஒப்புதலாகக் குறித்துக்கொண்டார்.

கருவியின் துல்லியம் பூஜ்யம் என்று தீர்ப்பானது. முன்னுடல்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்கள்.

மார்ச்சில் வேலுமயிலுக்கு நோய் திரும்பியது. முன்கூட்டிச் சொல்ல எதுவும் இல்லாததால், பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். ஏப்ரலில் இன்னொரு பெண்ணுக்கு. அவள் பிழைக்கவில்லை.

ஜெசிந்தா வார்டுக்குப் போனபோது வேலுமயில் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். அண்ணனின் அணுக்கள் ஏற்றி, பிழைப்பார் என்ற நம்பிக்கை அப்போதுதான் வந்திருந்தது.

"தலைவரே நேர்ல வந்தாரும்மா," என்றார் உற்சாகமாக. "அணைக்கறதுக்கு முன்னாடி ஓடுன கடைசிக் கணக்கை அப்ப யாரும் பாக்கலையாம், இப்பத்தான் திறந்து பாத்தாங்களாம். ரெண்டு பேருக்கும் வரும்னு கருவி ஏற்கெனவே கண்டுபிடிச்சு வெச்சிருக்காம். உங்களாலதான் கருவி சரின்னு தெரிஞ்சுதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. மனுஷன் மூஞ்சியில என்னா நிம்மதி! எனக்கே சந்தோஷமாப் போச்சு."

"அந்தப் பொண்ணு வீட்டுக்கும் போனாரா?"

வேலுமயில் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டார்.

கருவியை உடனே மறுபடி இயக்க உத்தரவு வந்தது. முன்னுடல்கள் எழுந்து நான்கு மாதம் முன்னால் ஓடின. நிறைய பேருக்கு நோய் திரும்பும் என்று சொல்லின. எல்லோருக்கும் காலத்தோடு சிகிச்சை கிடைத்தது. அந்த ஆண்டு முழுவதும் ஒருவருக்குக்கூட நோய் திரும்பவில்லை.

ஆண்டு முடிவில் குழு மிகுந்த சந்தேகத்தோடு கூடியது.