எட்டாவது பிளக்இன்

பவானிபூரில் மெட்ரோவை விட்டு இறங்கி, ஆஃபீஸாக மாறிவிட்ட அந்தப் பழைய வீட்டுக்குள் சத்யப்ரியா நுழைந்தபோது மதியம் மூன்று மணி. வெளியே அடைமழை. ஈரச்சுவர் நாற்றத்தை மறைக்க ரூம் ஸ்பிரே அடித்திருந்தார்கள், ஈரச்சுவர் ஜெயித்திருந்தது.

அவளுடைய ஆறு மாத புரொபேஷன் இன்றோடு முடிகிறது. ஒருவர் எழுதும் புரோகிராமை மற்றவர்கள் சரிபார்க்கும் ரிவ்யூ டூல் ஒன்று அங்கே உண்டு. அதில் செருகும் துணை நிரல்களான ஏழு பிளக்இன்களையும் கம்பைல் செய்து இயங்க வைக்கும் பில்ட் விதிகளை மாலைக்குள் எழுதி முடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சொந்த ஊர் விருதுநகருக்கு டிக்கெட்.

பாலசுப்ரமணியன் தலைமை ஆர்க்கிடெக்ட். அவருடைய விசிட்டிங் கார்டில் பட்டங்கள் நெரிசலாகி, ஃபோன் நம்பர் பின்பக்கத்துக்குக் குடிபோயிருந்தது.

"ஒவ்வொரு பிளக்இன் பேரா எழுதியிருக்கியே, இது குமாஸ்தா வேலைம்மா. ஃபோல்டருக்குள்ள எது இருந்தாலும் எடுத்துக்கோன்னு ஒரே வரி போடு. அதுக்குப் பேர்தான் விஷன்."

"எது வேணா உள்ள வந்துடுமே சார்."

"வரட்டுமே! என்ன வந்துடப் போகுது?"

எழுதினாள். அவர் ஒப்புதல் கொடுத்தார். விதிப்படி இன்னொருவரும் கொடுக்க வேண்டும். தெருவில் முழங்கால் தண்ணீர். மற்ற யாரும் வரவில்லை. மாடியில் இவர்கள் இரண்டு பேர்தான்.

திரையில் இரண்டாவது ஒப்புதல் வந்தது, ஒரு பெயரோடு.

வாஞ்சிநாதன்.

"யாரு சார் இது?"

அவர் டீயை மேஜையில் வைத்தார். "எனக்கு முன்னாடி இந்த வேலையைப் பார்த்தவன். போன துர்கா பூஜைக்கு முன்னால செத்துட்டான். நீ உட்கார்ந்திருக்கியே, அதே மேஜையில. லாகினை மூடாம விட்டிருப்பாங்க."

"லாகின் இருந்தா போதுமா சார்? யாராவது பட்டனை அழுத்தணுமே?"

கம்பைல் ஓடத் தொடங்கியது; முடிந்த பிளக்இன்களின் எண்ணிக்கை திரையில் ஏறியது. எங்கிருந்தோ ரஜனிகந்தா வாசனை, நம்மூர்ச் சம்பங்கி. இந்த ஊரில் கல்யாணத்துக்கும் பிணத்துக்கும் அதே பூதான்.

ஐந்து. ஆறு. ஏழு.

ஃபேன் நின்றது.

எட்டு.

ஃபோல்டரைத் திறந்து எண்ணினாள். ஏழுதான் இருந்தன.

"நிறுத்து," என்று கிசுகிசுத்தார்.

"நிறுத்தினா என் கன்ஃபர்மேஷன்?"

அவர் முகம் வெளிறியது; குரல் மட்டும் மீட்டிங் குரலாகவே இருந்தது. "விதிப்படி ரெண்டு ஒப்புதல் இருக்கு. புரோசஸ்ல தப்பே இல்ல. நீ நிரந்தரம்மா." சொல்லிக்கொண்டே குடையைக்கூட எடுக்காமல் ஓடினார். அத்தனை பட்டங்களும் மரப்படியில் தடதடவென்று இறங்கின.

சத்யப்ரியா அந்த ஒரே வரியை அழித்தாள். பழையபடி ஏழு பெயர்களையும் வரிசையாக எழுதி ரிவ்யூவுக்கு அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது, வாஞ்சிநாதன் பெயரில். ஒப்புதல் இல்லை. ஒரு குறிப்பு மட்டும்.

"ஒரு பேர் விட்டுப்போச்சும்மா. நீ எழுந்திரிக்க வேண்டாம், நானே போட்டுக்கறேன்."

கீபோர்டில் முதல் எழுத்து அமுங்கியது.

அவளுடைய கைகள் இரண்டும் மடியில் இருந்தன.