தெருவே தள்ளிய கார்

அன்று காலையும், தள்ளினால்தான் கிளம்புவேன் என்று மகாராணி அடம்பிடித்தாள்.

மகாராணி என்பது சுண்டுவின் அப்பாவுடைய கார். அப்பா பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய கார். உருண்டை விளக்குகள், பளபளக்கும் பம்பர், சோபா மாதிரிப் பின்சீட்டு. பார்க்க ராஜகளை. கிளம்புவதற்கு மட்டும் ஒரு தெருவே வேண்டும்.

“தள்ளுங்க... இன்னும் கொஞ்சம்... விட்டுடுங்க!” என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார் அப்பா.

சைக்கிள் கடைக்காரரும் தையல்கார அக்காவும் தபால்காரரும் மூச்சிரைக்கத் தள்ளினார்கள். ‘டுப்!’ என்று கரும்புகையை விட்டபடி கார் கிளம்பியது. தபால்காரரின் சட்டை கறுப்பாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சுண்டுவும் சிரித்தாள்.

மாலையில் வீடு திரும்பிய அப்பா, நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மூன்று மாதம் ஆயிற்று. மகாராணி வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றாள். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. விற்கவும் மனம் வரவில்லை. சுண்டு தினமும் தார்ப்பாய்க்குள் புகுந்து, பின்சீட்டில் படுத்துக்கொண்டு படிப்பாள். பெட்ரோலும் சவர சோப்பும் கலந்த அப்பாவின் வாசனை அங்கே இன்னும் இருந்தது.

போன வாரம் ஒரு ஆள் வந்தான். கரகரத்த குரல்.

“இந்த மாதிரி வண்டிக்கு ஏங்குறவங்க நிறைய பேரு இருக்காங்க. குடுக்கறீங்களாம்மா?”

“விக்கறதுக்கு இல்லைங்க,” என்றார் அம்மா.

அவன் சிரித்தபடி போய்விட்டான். ஆனால் தார்ப்பாயின் முடிச்சுகளை அவன் ஒவ்வொன்றாகப் பார்த்த விதம் சுண்டுவுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல். அம்மா மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தார். சுண்டு பின்சீட்டில் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாய் சரசரத்தது. சட்டென்று வெளிச்சம் உள்ளே பாய்ந்தது.

“யாருப்பா நீ?” என்று கேட்டது சைக்கிள் கடைக்காரரின் குரல்.

“மெக்கானிக் அனுப்பினாருங்க. வண்டி சும்மா நின்னா துருப்பிடிச்சிடுமாம். எடுத்துட்டு வரச் சொன்னாரு.”

அதே கரகர குரல்!

சுண்டு மீன்குஞ்சுபோல் நழுவி, சீட்டுகளுக்கு நடுவே தரையில் சுருண்டாள். தூசி துடைக்கும் பழைய போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். பொய்! மெக்கானிக் மாமா மகாராணியை வேறு யாரையும் தொடவே விடமாட்டார். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

முன்கதவு திறந்து மூடியது. பழைய கார்களுக்குச் சாவி என்பது ஒரு மரியாதைக்குத்தான். அவன் ஏதோ கம்பியை விட்டுத் திருகினான். எஞ்சின் ‘கிர்ர்’ என்றது. அடங்கிவிட்டது.

அப்பாடா!

“அட, அது அப்படியெல்லாம் கிளம்பாது தம்பி!” என்றார் சைக்கிள் கடைக்காரர். “எல்லாரும் வாங்கப்பா, ஒரு கை குடுங்க!”

“மகாராணியைத் தள்ளி மூணு மாசமாச்சு,” என்றார் தையல்கார அக்கா.

தெருவே சேர்ந்து தள்ளியது. திருடனை உள்ளே வைத்துத் தள்ளியது!

“ரெண்டாவது கியர்ல போடு தம்பி! ஆங்... இப்ப விடு!”

‘டுப்!’

“பத்திரமா ஓட்டிட்டுப் போப்பா!” என்று யாரோ வாழ்த்தினார்கள்.

கார் வேகமெடுத்தது. கதவைத் திறந்து குதிக்க முடியாது. கத்தினால் அவன் என்ன செய்வான்? தெரியாது. அது தெரியாததுதான் இன்னும் பயமாக இருந்தது. அவன் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினான்.

பின்சீட்டுக்குக் கீழே அவள் கை எதிலோ இடித்தது. பித்தளைத் திருகு!

அப்பா காரை நிறுத்தியதும் கைவிட்டு மூடுவாரே, பெட்ரோல் திருகு! “இதை மூடிட்டா எந்தத் திருடனும் ரொம்ப தூரம் போகமாட்டான்,” என்பார். அந்த மாலை மட்டும் வலியில் மூடாமல் விட்டிருந்தார்.

சுண்டு திருகினாள். அசையவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள்.

‘க்ரீச்!’

சீட்டி நின்றது. “என்ன சத்தம்?” என்று அவன் முணுமுணுத்தான். கண்ணாடியைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறானோ? சுண்டு மூச்சை அடக்கினாள். போர்வைத் தூசி மூக்கை அரித்தது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுபடியும் சீட்டி.

திருகு மூடிவிட்டது. கார் மட்டும் நிற்கவில்லை! குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தெரு. இன்னொரு தெரு. இன்னும் கொஞ்ச தூரத்தில் நெடுஞ்சாலை. அதில் ஏறிவிட்டால்? அம்மா எங்கே வந்து தேடுவார்? சுண்டுவின் கண்ணீர் சத்தமில்லாமல் தரையில் சொட்டியது.

அப்போது மகாராணி இருமினாள். ஒரு குலுக்கல். இன்னொரு குலுக்கல். நின்றுவிட்டாள்.

அவன் ஏதோ திட்டிக்கொண்டே இறங்கிப் பானட்டைத் திறந்தான். சுண்டு ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தாள். ஒரு பேக்கரி வாசல். பக்கத்தில் யாருமே இல்லை. இப்போது கத்தினால் அவன்தான் முதலில் ஓடி வருவான்.

பொறு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மகாராணி நின்றால் ஆள் சேராமல் இருக்காது. எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்!

“என்ன சார், தள்ளணுமா?” ஒரு குரல்.

“ஆகா, என்ன அழகான வண்டி!” இன்னொரு குரல்.

மூன்று. நான்கு. ஐந்தாவது குரல் கேட்டதும் சுண்டு சீட்டில் ஏறி, ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“தள்ளாதீங்க! இது எங்க அப்பா கார்! இந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது!”

அவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது.

அவன் பானட்டைக்கூட மூடாமல் ஓட்டம் பிடித்தான். இரண்டு கல்லூரி அண்ணன்கள் துரத்தினார்கள். அடுத்த முனையில் மடக்கிவிட்டார்கள். பேக்கரிக்கார அம்மா சுண்டுவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். சுண்டு ஒரே மடக்கில் குடித்தாள்.

“உங்க அம்மா எங்கே கண்ணு?”

“மருந்துக்கடையில...” என்று சொல்லும்போதுதான் சுண்டு வாய்விட்டு அழுதாள்.

செய்தி கேட்டு அம்மா ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். கட்டிப்பிடித்தார், திட்டினார், மறுபடியும் கட்டிப்பிடித்தார். பின்னாலேயே தெரு மொத்தமும் வந்தது.

“நானே தள்ளி விட்டுட்டேனேம்மா!” என்று தலையில் கைவைத்தார் சைக்கிள் கடைக்காரர். “போதாக்குறைக்கு ரெண்டாவது கியர்னு பாடம் வேற எடுத்தேன்!”

மூன்று மாதத்தில் முதல் முறையாக அம்மா சிரித்தார்.

மறுநாள் மெக்கானிக் மாமா ஸ்டியரிங்குக்குத் தடித்த சங்கிலியும் பூட்டும் போட்டார். எஞ்சினுக்கு ரகசிய ஸ்விட்ச் ஒன்று வைத்தார். அது இருக்கும் இடம் அம்மாவுக்கும் சுண்டுவுக்கும் மட்டும்தான் தெரியும். “இனிமே உள்ள உட்கார்ந்திருக்கிறது யாருன்னு பார்த்துட்டுத்தான் கை வைப்போம்,” என்று தெருவும் முடிவெடுத்தது.

ஆனாலும் பத்து நாள் சுண்டு காரின் பக்கமே போகவில்லை. யாராவது சீட்டியடித்தால்கூட உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

பதினோராம் நாள் அம்மா, “நான் ஓட்டக் கத்துக்கப் போறேன். துணைக்கு வர்றியா?” என்று கேட்டார்.

சுண்டு காரின் பின்சீட்டை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு முன்சீட்டில் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அம்மாவின் கால் பெடலுக்கு எட்டவில்லை.

“சீட்டை முன்னால தள்ளிடலாம்மா, ஒரு நிமிஷ வேலை,” என்றார் மெக்கானிக் மாமா.

“வேண்டாம்ணே,” என்று அம்மா இறங்கி வீட்டுக்குள் போனார். இரண்டு தலையணைகளோடு வந்து, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். இப்போது எட்டியது.

சில மாதங்களில் அம்மா நன்றாக ஓட்டப் பழகிவிட்டார்; இப்போது தினமும் மகாராணியில்தான் வேலைக்குப் போகிறார். முதுகில் அதே இரண்டு தலையணைகள். அப்பாவின் நீளக் கால்களுக்காகப் பின்னால் தள்ளிய சீட்டு அப்படியேதான் இருக்கிறது.