அப்பா விற்றதாகச் சொன்ன பங்குகள்

"வரியே இருபதாயிரம் பவுண்டாம் சார். இந்தக் கணக்கை ஒத்துக்கிட்டு நாளைக்குள்ள கையெழுத்துப் போடுன்னு அண்ணன் சொல்றான். போடமாட்டேன்."

மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள் இஷ்பெல் கெடிஸ். ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் துறைமுகத்தில் அவள் வாடகைக்கு நடத்தும் ரொட்டிக்கடை விலைக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் கடை கைமாறிவிடும். இறந்துபோன அப்பா நாற்பது வருடம் வைத்திருந்த கம்பெனிப் பங்குகளில் தன் பாதியைத்தான் அவள் நம்பியிருந்தாள். உயிலை நிறைவேற்றும் பொறுப்போ அண்ணன் ஸ்ட்ரூவனிடம் இருந்தது.

முப்பது வருடம் வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஃபின்லே கிரெய்க், தன் வீட்டுக்கு அவள் கொண்டுவந்த கணக்குக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். ஆகஸ்ட் 26, திங்கள், காலை பத்தேகாலுக்கு அப்பாவே எல்லாப் பங்குகளையும் விற்றார் என்றிருந்தது. அவர் இறந்தது அதே வாரம் புதன்கிழமை.

"கையெழுத்து கள்ளக் கையெழுத்துதான்!" என்றாள் அடுத்த வீட்டு மூரியல். துப்புத் துலக்குவது என்றால் அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடி வருகிறவள்.

"இதுல கையெழுத்தே இல்ல மூரியல். ஸ்ட்ரூவனைக் கூப்பிடுங்க," என்றார் கிரெய்க்.

மாலையில் வந்த ஸ்ட்ரூவன் உட்காரவில்லை. "நான்தான் தரகருக்குப் போன் போட்டு அப்பாகிட்ட குடுத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. அன்னிக்கு வேலை நாள், நம்ம ஊர்ல ஆபீஸெல்லாம் திறந்திருந்துச்சு. அப்பா உயிரோட இருக்கறப்ப வித்தா நாப்பது வருஷ லாபத்துக்கும் வரி உண்டு. சட்டம் அப்படி, நான் என்ன பண்ண?"

"சட்டம் சரிதான் தம்பி," என்றார் கிரெய்க் நிதானமாக. "அவர் இறந்தப்புறம் நீங்க வித்திருந்தா?"

ஸ்ட்ரூவன் கடிகாரத்தைப் பார்த்தான். மூரியல்தான் துள்ளினாள். "என்ன ஆகும் சார்?"

"செத்த அன்னிக்கு என்ன விலையோ, அதுலேருந்துதான் கணக்கு. பழைய லாபம் அவரோடயே போயிடும். அப்புறம் ஏறினதுக்கு மட்டும்தான் வரி. கொஞ்சமா ஏறியிருந்தா அதுவும் கிடையாது. அந்த இருபதாயிரமும் உங்க ரெண்டு பேருக்கும் பிரிக்க வந்துடும்."

"அதான் திங்கட்கிழமையே வித்தாச்சே!" என்று இடைமறித்தான் ஸ்ட்ரூவன்.

"எங்கே வித்தீங்க?"

"லண்டன் பங்குச் சந்தையிலதான். வேற எங்க?"

"ஆகஸ்ட் கடைசித் திங்கள் இங்கிலாந்துல விடுமுறை. லண்டன் சந்தைக்குப் பூட்டு. நம்ம ஸ்காட்லாந்துல அந்த விடுமுறை மாசத்தோட முதல் திங்களே முடிஞ்சுடும். நீங்க நம்ம ஊர் நாட்காட்டியைப் பாத்துத் தேதி போட்டுட்டீங்க. உண்மையான விற்பனைச் சீட்டைத் தரகர்கிட்ட இஷ்பெல் கேட்டா, அதுல எந்தத் தேதி இருக்கும்?"

ஸ்ட்ரூவன் முகம் சுண்டிப்போனது. "அக்டோபர்," என்றான் கடைசியில். வராத வரியைக் காட்டி அந்த இருபதாயிரத்தை முழுதாக அமுக்கப் பார்த்திருக்கிறான், மகாபாவி.

"சரி, உன் பாதியை நாளைக்கே தர்றேன் இஷ்பெல். கடையை வாங்கிக்க. விஷயம் வெளியே போக வேண்டாம், குடும்ப மானம்."

"பணத்தை நாளைக்கு வாங்கிக்கறேன். நாளன்னிக்குக் கோர்ட்டுக்கும் போறேன். உயில் பொறுப்புல நீ இனி இருக்கக்கூடாது."

"அண்ணனையா இழுப்பே? பணம்தான் வந்துடுச்சே, இன்னும் என்னடி வேணும்?"

"அப்பா வாழ்ந்த வரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல. செத்தப்புறம் அவர் வாயில நீ ஒண்ணை வெச்சே. அதை நீயே நீதிபதி முன்னாடி நின்னு எடுக்கணும்."