நூற்றுக்கு நூறு பிரேக்!

போன் அலறியது.

தையற்காரி, மெஷினிலிருந்து காலை எடுக்காமலே எட்டி எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உன் கார்ல ஒரு ஆளு செத்துக் கிடக்கறார்!"

"என் காரா? அது இப்ப எங்கிட்ட இல்லையே சார்... ரெண்டு தவணை தப்பிடுச்சுன்னு, காலையிலதான் பழைய கார் ஷோரூம் முதலாளியே வந்து ஓட்டிட்டுப் போனாரு!"

"செத்தது அவர்தான்!"

தைத்துக்கொண்டிருந்த துணி நழுவி விழுந்தது.

அரை மணி நேரத்தில் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தாள்.

"இறக்கத்துல பிரேக் பிடிக்கலை. பாலத் தூண்ல மோதி, அந்த இடத்துலயே உயிர் போயிடுச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "கார் போற கோபத்துல பிரேக்கை என்ன பண்ணினே?"

"ஐயோ! வாங்கின அன்னிலேருந்தே அது அப்படித்தான் சார்! நாலு தடவை போய்ச் சொன்னேன். 'புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும், பழகினா சரியாயிடும்'னு சிரிச்சே அனுப்பிட்டாரு..."

"அப்புறம் எதுக்கு ஓட்டினே?"

"வீட்டுக்காரருக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ் சார். ரெண்டாவது கியரைத் தாண்ட மாட்டேன். உருட்டிக்கிட்டே போய், ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துவேன்..."

"காலையில வாசல்ல நின்னு, 'இந்தக் கார்ல போனா செத்துடுவீங்க'ன்னு கத்தினியாமே? எதிர் வீட்டுக்காரர் சொல்றார்."

"அவர் நல்லதுக்குத்தான் சார் சொன்னேன்!"

"ஆளு உயிரோட இருந்தா அது நல்லது. செத்துட்டா அதுக்குப் பேரு மிரட்டல்."

ஒரு காகிதத்தை மேஜையில் வீசினார். ஷோரூம் சர்டிபிகேட்!

'பிரேக்: நூற்றுக்கு நூறு.' கீழே மெக்கானிக்கின் கையெழுத்து.



விற்கும்போது பிரேக் நன்றாக இருந்தது என்றால்... கெடுத்தது யார்? அவள்தான்! அவளை ஏமாற்றிய அதே பொய், இப்போது அவளைக் கொலைகாரியாக்கிக்கொண்டிருந்தது.

நாளைக்கு வீட்டுக்காரரை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள்?

மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். சுவரைப் பார்த்தே சொன்னான்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு சார்."

முடிந்தது. தலையில் இடி!

"அண்ணே..." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உங்க பிள்ளைங்களை அந்தக் கார்ல ஏத்துவீங்களா?"

அவன் சுவரை விட்டு அவளைப் பார்த்தான்.

"...மாட்டேம்மா."

"என்னய்யா உளர்றே?" இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார்.

"எந்த வண்டிக்கு அடியிலயும் நான் படுத்ததில்லை சார்! முதலாளி வெத்துப் பேப்பரைக் கட்டுக் கட்டா நீட்டுவாரு. கையெழுத்துப் போட்டாத்தான் சம்பளம்."

"பிரேக் இல்லாத வண்டியை அந்த ஆளு ஏன்யா ஓட்டினான்?"

"எல்லா வண்டியும் தங்கம்னு பத்து வருஷமா ஊருக்கே சொல்லிச் சொல்லி, அவரே நம்பிட்டாரு சார்!"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "நீ போம்மா."

"என் கார் சார்?"

"சப்பையாப் போச்சு."

"தவணை..?"

"அதுக்கு ஒரு கீறல்கூட விழலை. மீதி நாப்பது தவணையும் வேணும்னு முதலாளியோட பையன் இப்பவே போன் பண்ணிட்டான்."

எழுந்தவள் மறுபடி பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். வெளியே போய்த்தான் என்ன செய்ய?

இன்ஸ்பெக்டர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "மொத்தம் எத்தனை காருக்குய்யா இப்படிக் கையெழுத்துப் போட்டே?"

"முந்நூறு இருக்கும் சார்..."

இன்ஸ்பெக்டரின் முகம் வெளிறியது!

பாய்ந்து போனை எடுத்தார். மணி போனது... போனது... யாரும் எடுக்கவில்லை.

"என்ன சார்?" என்றாள் தையற்காரி.

"போன மாசம் நானும் அங்கேதாம்மா வாங்கினேன்... போலீஸ்காரர்னு பாதி விலைக்குக் கொடுத்தான்! இப்ப என் பொண்டாட்டி புள்ளைங்களை ஏத்திக்கிட்டு மலை இறங்கிக்கிட்டிருக்கா..."

மறுபடி அழுத்தினார். மறுபடியும் மணி மட்டும்.

வியர்த்துக் கொட்டிய அந்த முகத்தில், அவள் இத்தனை மாதமாகக் கண்ணாடியில் பார்த்துவந்த அதே பயம்! 

"சிவப்புக் காரா சார்?" என்றான் மெக்கானிக்.

"ஆமாய்யா! அதையாவது பார்த்தியா? சொல்லித் தொலை!"

"பார்த்தேன் சார்..." மெக்கானிக் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"ஹாரன் மட்டும் நூத்துக்கு நூறு!"