நிலாவுக்குள் இருப்பது யார்?

அன்று சாயங்காலம் எழிலரசி வீட்டுச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்திருந்தால் உங்களுக்கு மயக்கமே வந்திருக்கும். தட்டு வைக்கக்கூட இடமில்லை. எங்கு பார்த்தாலும் பசை, ஜிகினா, துண்டுத் தாள்கள். நடுவில் ஜம்மென்று ஒரு பெரிய நீல அட்டை!

எழிலரசியும் அவளுடைய வகுப்புத் தோழி மெய்லினும் போஸ்டர் செய்துகொண்டிருந்தார்கள். அன்று சீனர்களின் நிலாத் திருவிழா. குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து பௌர்ணமி நிலாவைப் பார்க்கும் நாள். ஆனால் மெய்லினின் அப்பா இந்த வருடம் வேலை விஷயமாகப் போய், பூமியின் மறுபக்கத்தில் சீனாவில் மாட்டிக்கொண்டார்.

"அம்மா என்னைக் கூட்டிட்டுப் போக வந்ததும் இதைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பணும். அவர் இல்லாம நாங்க கொண்டாடுறது இதுதான் முதல் தடவை" என்றாள் மெய்லின். இருவரும் பேசியதென்னவோ ஆங்கிலத்தில்தான். நமக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"நிலாவை என்கிட்ட விடு!" என்றாள் எழிலரசி.

மெய்லின் சோபாவில் உட்கார்ந்து வெள்ளைத் தாளில் ஏதோ வெட்டிக்கொண்டிருந்தாள். எழிலரசி ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வட்டம் வரைந்தாள். தகதகவென மஞ்சள் பூசினாள். அதோடு விட்டாளா? நிலாவுக்குள் கொண்டை போட்ட ஒரு பாட்டி, அடுப்பு, வாணலி, வாணலி நிறைய வடை என்று அழியாத மையால் வரைந்து தள்ளிவிட்டாள்.

மெய்லின் வந்து பார்த்தாள். "யார் இது?"

"நிலாப் பாட்டி! வடை சுடுறாங்க."

"நிலாவுல முயல்தானே இருக்கு?" மெய்லின் தன் கையிலிருந்ததைக் காட்டினாள். உலக்கை பிடித்த ஒரு காகித முயல். "இது அங்கே மருந்து இடிக்கும்."

"முயலா? நிலாவுலயா?" எழிலரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மெய்லின் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "ஒவ்வொரு வருஷமும் அப்பாதான் எனக்கு முயலைக் காட்டுவார்."

ஐயையோ! எழிலரசி ஓடிப்போய் மாடிப்படியில் நின்று கத்தினாள். "அம்மா! வேற போஸ்டர் அட்டை இருக்கா?"

"மீட்டிங்ல இருக்கேன் கண்ணா! அது ஒண்ணுதான் இருந்துச்சு!" என்று மேலிருந்து பதில் வந்தது.

எழிலரசி மெய்லினின் கையைப் பிடித்தாள். "வா, வெளியே போவோம். முயலை எனக்குக் காட்டு."

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். அடேயப்பா! எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே நிலா எழும்பிக்கொண்டிருந்தது. எவ்வளவு பெரிய நிலா! தெருவிலிருந்த கார்களெல்லாம் பொம்மை மாதிரி ஆகிவிட்டன.

"மேலே பாரு, ரெண்டு காது. அதுக்குக் கீழே தலை. அப்புறம் உடம்பு."

எழிலரசிக்குப் பாட்டிதான் தெரிந்தாள். தலையைச் சாய்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். ம்ஹூம்.

சட்டென்று அது தெரிந்தது. நீளமாக ரெண்டு காது! குனிந்த முதுகு! அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவள்தான் பார்க்கவில்லை.

"முயல்!" என்றாள்.

"அப்பா ஊர்ல இப்போ விடிஞ்சிருக்கும். அவர் இதை நமக்கு முன்னாடியே பார்த்திருப்பார்" என்றாள் மெய்லின்.

"அப்போ, உங்கப்பா பார்த்த அதே நிலாதான் சுத்தி இங்கே வந்திருக்கா?"

மெய்லின் தலையாட்டினாள். எழிலரசி வாயைப் பிளந்தபடி நிலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் காகித முயலை வாங்கி, தன் கையாலேயே பாட்டிமேல் ஒட்டினாள்.

"உன் பாட்டி?" என்றாள் மெய்லின் தயக்கத்தோடு.

"இது உங்கப்பா நிலா. பாட்டி கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்."

முயல் பாட்டியை மறைத்துவிட்டது. ஆனால் அடுப்பும் வாணலியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பார்த்தால் முயலே மும்முரமாக வடை சுடுவது போலிருந்தது! மெய்லின்தான் முதலில் சிரித்தாள். "இதுவும் நல்லாத்தான் இருக்கு!" என்றாள்.

மெய்லினின் அம்மா வந்தார். அவரும் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் மெய்லினின் அப்பாவின் குரல் போனில் சீன மொழியில் வந்தது. மெய்லின் கேட்டுவிட்டு எழிலரசிக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

"முயலைப் பார்த்துட்டாராம். அது ஏதோ சுடுதே, அதுல அவருக்கும் ஒண்ணு எடுத்து வைக்கணுமாம். கண்டிப்பா வந்து சாப்பிடுவாராம்!"

எழிலரசி உடனே பேனாவை எடுத்து மெய்லினிடம் நீட்டினாள். மெய்லின் வாணலிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வரைந்தாள். அதில், இருப்பதிலேயே பெரிதாக, ஒரு வடை வைத்தாள்.