கப்பல் வாசலில் மிஞ்சிய செருப்பு

அன்றைய ஆறாவது ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு ஜோடி செருப்பு மிஞ்சிப் போனது.

ஜெயம்மாளுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பன்னிரண்டு பேர் உள்ளே போனார்கள், பன்னிரண்டு பேர் வெளியே வந்தார்கள். தலையை எண்ணி அனுப்புவது அவள் வேலை, அதில் அவள் தப்பு விட்டதில்லை. ஆனால் கீற்றுப் பந்தலுக்குக் கீழே அடுக்கி வைத்த பன்னிரண்டு ஜோடியில் ஒன்று அப்படியே கிடந்தது. டயர் அடி வைத்துத் தைத்த ஆம்பிளைச் செருப்பு. வாரில் ஏழாம் எண் தகர வில்லை தொங்கியது. அதற்கு இணையான வில்லையை வாங்கிக்கொண்டு உள்ளே போன ஆள் அதைத் திருப்பிக் கொடுக்காமலே போயிருந்தான். கொதிக்கிற மண்ணில் வெறுங்காலோடு போயிருக்கிறானே, என்ன மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

எழுபத்தொன்பதாம் வருஷத்து ஆடி மாதம் அது. நாற்பது வருஷம் குளத்துத் தண்ணீருக்குள் இருந்த அத்தி வரதர் வெளியே எழுந்தருளியிருந்தார். காஞ்சிபுரத்துக்கு வராத சனம் இல்லை. கூட்டம் இருக்கும் இடத்தில் கடை போடாதவனும் இல்லை. ஓரிக்கைக்குப் போகிற சாலையில் ஒரு காலி மனையைப் பிடித்து ராட்டினமும் பஞ்சுமிட்டாயும் வந்தன. அவற்றுக்கு நடுவே ஹபீபுல்லா பாயின் காலக் கப்பலும் வந்தது.

பாய் ரேடியோ ரிப்பேர்க்காரர். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம் என்று ஊரே சிரித்தபோது, தகரமும் பலகையும் வைத்து வாலும் மூக்குமாக ஒரு கப்பலைக் கட்டி நிறுத்திவிட்டார். கப்பல் என்றால் வெளியே வெறும் கூடுதான். உள்ளே இருந்ததெல்லாம் ஒரே ஒரு அறை. வாசலில் 'கண்ட்ரோல் ரூம்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. பழைய பஸ்ஸின் ஸ்டியரிங், லாரிகளில் கழற்றிய வேகமானிகள், மினுக்கு மினுக்கென்று எரியும் ரேடியோ வால்வுகள். எல்லாவற்றுக்கும் மேலே, யாரோ தறியிலிருந்து கழித்துப் போட்ட ஒரு ஜக்கார்டு பெட்டி. பாய் கயிற்றை இழுக்க இழுக்க ஓட்டை போட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். ஒரு அட்டைக்கு ஒரு வருஷம். நாற்பது தடவை 'கடக்' என்று கேட்டால் முப்பத்தொன்பதாம் வருஷம் வந்துவிட்டதாக அர்த்தம். அப்போது எதிரே இருக்கிற கண்ணாடிக்குப் பின்னால் வரைந்த படுதா ஒன்று விரிந்து நிற்கும். அதில் குளமும், படிக்கட்டும், படிக்கட்டு கொள்ளாத சனமும், நடுவே அந்த வருஷம் எழுந்தருளிய வரதரும் தெரிவார்கள். நாகஸ்வர இசைத்தட்டு ஓடும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு நாற்பது 'கடக்'கில் ஊருக்குத் திரும்பிவிடலாம்.

சாமி தெரிகிற இடத்துக்குச் செருப்போடு யார் போவார்கள்? முதல் ஆட்டத்திலேயே ஒரு அம்மாள் கழற்றிவிட்டுப் போக, பின்னால் வந்த அத்தனை பேரும் கழற்றினார்கள். அதனால்தான் ஜெயம்மாளுக்கு வேலை கிடைத்தது. புருஷன் துரைக்கண்ணுவுக்குத் தறிக்குழியை விட்டு எழுந்தால் இடுப்பு நிமிர்வதில்லை. செருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆட்டத்துக்கு ஆட்டம் உள்ளே பெருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பதினாறு ஆட்டம். முப்பது நாள் ஆகியிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அசதி அவள் எலும்புக்குள் இறங்கியிருந்தது.

"பாய், ஒரு செருப்பு மிஞ்சியிருக்குது" என்றாள்.

பாய் டீக் கிளாஸிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அவருக்கும் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. "வேணும்னே உட்டுட்டுப் போயிருப்பாங்கம்மா. உங்காளுங்க கோயிலாண்ட செருப்ப உட்டுட்டுப் போவாங்கல்ல, பீடை தொலையட்டும்னு."

அது சரிதான். சனி பிடித்தவர்கள் அப்படிச் செய்வது ஊரறிந்த வழக்கம். ஜெயம்மாள் அந்த டயர் செருப்பைக் காலால் தள்ளிப் பந்தல் காலுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஒன்று மிஞ்சியது. இது சின்னச் செருப்பு, நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, புத்தம் புதிது. அதைப் போட்டு வந்த பெண்ணை ஜெயம்மாளுக்கு நினைவிருந்தது. தாமலிலிருந்து அத்தையோடு வந்தவள். உள்ளே போகும்போது, தொலைந்துவிடுமோ என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். வெளியே வந்ததும் அத்தைக்காரி பஸ் போய்விடும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ஏம்மா பொண்ணு, செருப்பு" என்று ஜெயம்மாள் பின்னாலேயே போய் நீட்டினாள்.

பெண் திரும்பினாள். ஜெயம்மாளின் கையில் இருந்ததை, அது என்ன பொருள் என்று தெரியாதவள் போலப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். உச்சி வெயில். வெறுங்காலோடு கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் செருப்பு வைத்த இடத்துக்கு வருவதற்குள் குதித்துக் குதித்துத்தான் வருவார்கள். அவள் குதிக்கவில்லை. வீட்டுக் கூடத்தில் நடப்பது போல நிதானமாக நடந்து போனாள்.

அன்று சாயங்காலம் ஜெயம்மாள் அந்தச் செருப்பை முந்தானையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாள். இரண்டைப் பறிகொடுத்த பிறகு தங்கிய ஒரே பிள்ளை கிருஷ்ணவேணி. பதினைந்து வயது. பட்டு நூல் சுற்றப் பிள்ளையார்பாளையம் வரை வெறுங்காலோடு நடக்கிறவள், தினமும் மத்தியானம் தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு கப்பல் வரை நடக்கிறவள். உள்ளங்கால் வெந்து கொப்புளம் கட்டியிருந்தது. ஊரான் பீடை என்று ஒரு கணம் மனசு உறுத்தத்தான் செய்தது. பிள்ளை காலைப் பார்த்ததும் உறுத்தல் அடங்கிவிட்டது. செருப்பு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. கிருஷ்ணவேணி ராத்திரி அதைக் கழுவித் துடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம் ஜெயம்மாள் கண்ட்ரோல் ரூமைப் பெருக்கப் போனாள். தகரக் கூரை சூட்டில் படபடத்தது. வால்வுகளில் தூசி கருகும் வாசனையும், படுதாச் சாயத்தில் கலந்த வஜ்ரப் பசையின் வாசனையும், பன்னிரண்டு பேர் விட்டுப் போன வேர்வை வாசனையும் அவளுக்குப் பழகியவைதான். இன்றைக்கு அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. பாசி வாசனை. நாள்பட்ட குளத்துப் படியில் வருமே, அது. சுற்றுவட்டாரத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குழாயடிக்கே அரை பர்லாங் போக வேண்டும்.

பெஞ்சுக்கு அடியில் துடைப்பத்தை விட்டபோது எதுவோ கிணுகிணுத்தது. இரண்டு தகர வில்லைகள். ஒன்று ஏழாம் எண். இரண்டும் ஈரமாக இருந்தன. விரலில் பச்சையாக ஒட்டியது.

அவள் நிமிர்ந்தாள். படுதா முப்பத்தொன்பதிலேயே நின்றிருந்தது, பாய் இன்னும் சுருட்டவில்லை. குமாரசாமி என்கிற பெயிண்டர் வரைந்த சனம். இத்தனை நாளாக அவள் சரியாகப் பார்க்காத சனம். அத்தனை பேரும் வெறுங்காலோடு, வேட்டியும் குடுமியும் கண்டாங்கிச் சேலையுமாக நின்றார்கள். நான்காம் படியில் ஒருவன் மட்டும் டெரிலின் சட்டை போட்டிருந்தான். கையில் வாட்ச் கட்டியிருந்தான். மற்றவர்களெல்லாம் வரதரைப் பார்த்திருக்க, அவன் மட்டும் கண்ணாடியைப் பார்த்திருந்தான். பெயிண்டர் எதையோ விளையாட்டாகச் செய்திருக்கிறான் என்று ஜெயம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். குமாரசாமி கப்பல் திறப்பதற்கு முந்தின நாளே வேலூருக்குப் போய்விட்டவன். அதையும் அவளே நினைத்துக்கொண்டாள்.

அவனுக்கு இரண்டு படி கீழே, தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து, தாமல் பெண் நின்றாள்.

ஜெயம்மாள் பயந்துதான் போனாள். வில்லைகளைப் போட்டுவிட்டு வெளியே வந்து, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். மனுஷர்கள் நடுவில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போலிருந்தது. அங்கே வரிசை நீளம். தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது கப்பலின் கதவு சாத்தியிருந்தது. ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. பாயே சனத்தை ஏற்றிக்கொண்டார் போலும். பந்தலுக்குக் கீழே செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. வில்லை எதுவும் கட்டப்படவில்லை. ஜெயம்மாள் குடத்தை இறக்கிவிட்டுக் குனிந்து அடுக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று வரை அடுக்கினாள்.

பன்னிரண்டாவது ஜோடி ஓரமாக, ஒழுங்காக, சேர்த்து வைத்திருந்தது.

நீல வார்.

குடம் சரிந்து தண்ணீர் மண்ணில் ஓடியது. அவள் கதவுக்கு ஓடினாள். உள்ளே தாழ். வெளிச்சம் விழக் கூடாதென்று பாய் போடுகிற தாழ். கையால் அடித்தாள். தகரம் சுட்டது. உள்ளே கடக். கடக். கடக்.

"பாய், நிறுத்து பாய். எம் பொண்ணு உள்ள இருக்குது."

கடக். கடக்.

ராட்டினத்துக்காரன் திரும்பிப் பார்த்தான். யாரோ சீட்டுக்குச் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்திருப்பான். சத்தம் நின்றது. நாகஸ்வரம் எழுந்தது. அதற்கு மேல் அவள் தட்டியது அவளுக்கே கேட்கவில்லை. ஊரான் பீடையைப் பெற்ற பிள்ளை காலில் மாட்டினோமே. கையோடு குப்பையில் போட்டிருக்கலாமே. கதவில் நெற்றியை வைத்தாள். கதவின் இடுக்கில் பாசி வாசனை வந்தது.

நாகஸ்வரம் நின்றது.

கடக்.

அவள் எண்ணினாள். பத்து. இருபது. முப்பத்தொன்பது. நாற்பது.

தாழ் விலகியது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். அடி வைத்ததும் ஆ என்று காலைத் தூக்கினார்கள், குதித்தார்கள், செருப்புக்குள் காலை நுழைத்தார்கள். ஜெயம்மாள் முகம் பார்க்கவில்லை. பாதம் மட்டும் பார்த்தாள். எட்டு. ஒன்பது. பதினொன்று.

கடைசியாகப் பச்சைத் தாவணி. கிருஷ்ணவேணிதான். அதே பின்னல், அதே மோவாய்த் தழும்பு. ஜெயம்மாள் அவளை அப்படியே வாரி அணைத்துக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது. பிள்ளை வந்துவிட்டாள், வேறென்ன வேண்டும்.

பாய் பின்னாலேயே இறங்கி வந்து பீடி பற்ற வைத்தார். "உம் பொண்ணு வெயில்ல நின்னுக்கினு இருந்திச்சிம்மா. ஒரு எடம் காலியா இருந்திச்சி, உக்கார வெச்சேன். அதுக்கா கதவ ஒடைக்கிற?"

ஜெயம்மாள் அணைத்திருந்த உடம்பு ஜில்லென்று இருந்தது. மெதுவாகக் கையை எடுத்தாள். பிள்ளையின் பாதங்கள் கொதிக்கிற மண்ணில் அழுத்தமாக ஊன்றியிருந்தன. ஒரு கொப்புளமும் இல்லை.

"செருப்ப மாட்டும்மா" என்றாள்.

பெண் நீல வார்ச் செருப்பைப் பார்த்தாள். சிரித்தாள்.

"எனக்கு ஏதும்மா செருப்பு?"

"கஞ்சி எடுத்தாந்தியே. தூக்கு எங்க?"

பெண் அதற்கும் சிரித்துக்கொண்டே நின்றாள்.

ஜெயம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்குள் போனாள். பெஞ்சின் மேல் தூக்கு இல்லை. பெஞ்சுக்கு அடியிலும் இல்லை. வால்வுகள் இன்னும் அணையவில்லை. அந்த மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் கண்ணாடிக்கு அருகே போய் நின்றாள். பாய் இன்னும் படுதாவைச் சுருட்டவில்லை.

முதல் படியில், எல்லாருக்கும் முன்னால், பச்சைத் தாவணி. சாயம் ஈரமாக இருந்தது. ஒரு கையில் அலுமினியத் தூக்கு. முப்பத்தொன்பதாம் வருஷத்து வெயிலில் கல் படி சுட்டிருக்க வேண்டும். வலது காலை ஊன்றி, கொப்புளம் கட்டிய இடது காலைத் தூக்கி வைத்திருந்தாள்.

"அம்மா" என்றது வாசலில் நின்ற குரல். "வா, வீட்டுக்குப் போலாம்."

ஜெயம்மாள் திரும்பிப் பார்த்தாள். வெயிலை அடைத்துக்கொண்டு பெண் கையை நீட்டியபடி நின்றாள். ஜெயம்மாள் செருப்பை மார்போடு அழுத்திக்கொண்டு மறுபடி படுதாவைப் பார்த்தாள்.

இப்போது இடது கால் ஊன்றியிருந்தது. வலது கால் தூக்கியிருந்தது.