அறுநூற்றுப் பதின்மூன்றாவது கோப்பு

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் கம்ப்யூட்டர்காரர் நனைந்த பையோடு கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார். காத்திருக்க ஓர் அறை, நோயாளியைப் பார்க்க ஓர் அறை, அவ்வளவுதான் கிளினிக். அவரை வரவழைப்பதை இன்று நாளை என்று தள்ளிப்போட்டே டாக்டரம்மா பத்து மாதத்தை ஓட்டியிருந்தார்.

பத்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் கணினியில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. ஏதோ வைரஸ் எல்லாவற்றையும் பூட்டிவிட்டிருந்தது. பேக்கப் டிரைவும் எந்நேரமும் அதே கணினியில் செருகியே கிடந்ததால் அதுவும் கூடவே போயிற்று. அன்று மதியம், வழக்கமாக இங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் பள்ளிக்கூட டீச்சரை அவர் கணவர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். டீச்சருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது; பேச்சு வரவில்லை. கணவருக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்த ஊசி டீச்சருக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரம்மாவே எழுதிவைத்த வரி பூட்டிய கணினிக்குள் கிடந்தது. நினைவை நம்பி ஊசி போட்டார்.

நினைவு கைவிட்டது. டீச்சர் பிழைக்கவில்லை.

கணவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் என்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஒரு வரி இருந்தது டாக்டரம்மாவுக்கு மட்டுமே தெரியும்.

கம்ப்யூட்டர்காரர் பொறுமையாக விளக்கினார். ஒரு பிரதி கிளினிக்கிலேயே இருக்கும். இன்னொன்று தனி டிரைவில். வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போய்விட வேண்டும். மூன்றாவது தொலைவில் இருக்கும் சர்வரில், கடவுச்சொல் தெரியாதவர் திறந்தால் ஒன்றும் புரியாதபடி பூட்டப்பட்டிருக்கும். "திருப்பி எடுத்துப் பாக்காம எதையும் நம்பாதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, தன் காலி மடிக்கணினியில் எல்லாவற்றையும் மீட்டெடுத்தார்.

நோயாளிகள் கொண்டுவந்த பழைய சீட்டுகளைப் பார்த்து டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தவை அறுநூற்றுப் பன்னிரண்டு.

திரும்பி வந்தவை அறுநூற்றுப் பதின்மூன்று.

கடைசிக் கோப்பைக் கம்ப்யூட்டர்காரர் திறந்தார். டீச்சருடையது. எடை நாற்பத்தேழு கிலோ. ஊசியின் பெயர், அதன் எதிரே 'ஒவ்வாது, கொடுக்கக் கூடாது' என்ற வரி. டாக்டரம்மா அதைத் தட்டச்சு செய்யவே இல்லை.

அறையில் சாக்பீஸ் தூளின் வாடை மெல்லப் பரவியது.

"அழிச்சிடுங்க தம்பி." குரல் அவருக்கே கேட்கவில்லை.

கம்ப்யூட்டர்காரர் அழித்தார். தனி டிரைவிலிருந்து மறுபடி மீட்டெடுத்தார்.

அறுநூற்றுப் பதின்மூன்று.

தொலைவிலிருந்த பிரதியையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் அதே கோப்பு, அதே வரி. வெளியே காத்திருப்பு அறையில் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடும் சத்தம். கம்ப்யூட்டர்காரர் எட்டிப் பார்த்தார். நாற்காலிகள் காலியாக இருந்தன.

"யாரு மேடம் இவங்க?"

"நான் கொன்னுட்டேன்."

பத்து மாதமாக யாரிடமும் சொல்லாதது அது. சொன்னதும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கம்ப்யூட்டர்காரர் பையைக் கட்டினார். கோப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று மட்டும் டாக்டரம்மா கேட்டுக்கொண்டார்.

அவர் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு டீச்சரின் கணவருக்குப் போன் செய்தார். ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அவளுக்கும் அந்த ஊசி பேரு தெரியும் டாக்டர். வர்ற வழியில அதைத்தான் சொல்ல வாயைத் தொறந்தா. நான்தான் பேசாதேன்னு அதட்டினேன்" என்றார் அவர். அழுகிறார் என்று தெரிந்தது. போன் வைக்கப்பட்டது.

மழை விட்டிருந்தது. கிளினிக்கில் ஈ எறும்பு அசையவில்லை.

சுவரோரம் இருந்த எடை பார்க்கும் கருவியின் மேல்தட்டு கிறீச்சென்று தாழ்ந்தது. முள் நடுங்கி நகர்ந்து நாற்பத்தேழில் நின்றது.

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க டீச்சர். உக்காருங்க."

முள் மெதுவாகப் பூஜ்யத்துக்குத் திரும்பியது.